குலுங்காத தக்காளி நாற்றுகள்

முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷன் ஓய்வு பெற்றால் வீட்டில் சும்மா இருப்பார் என்று அவர் மனைவி நம்பினாள். பாவம், நல்ல மனசு.

பத்தாம் நாளே படுக்கையறைக் கட்டில் சுவரோரம் நிமிர்ந்து நின்றது. அந்த இடத்தில் ஒரு மேஜை, அதன்மேல் குழித்தட்டுகள், குழிக்கு இரண்டு தக்காளி விதை. மேலே நாலு டியூப்லைட், பழைய லிஃப்ட் சங்கிலியில் எதிரெடையோடு தொங்கின. நாற்று வளர வளர, இலைக்கு நாலு விரல் உயரத்தில் நிற்கும்படி தினமும் காலையில் விளக்கை ஏற்றுவார். "பால்கனியில வெயில் வருதே" என்றாள் மனைவி. "மேகம் வந்தா சுவிட்ச எங்க போடறது?" என்றார். பதினாறு மணி நேர வெளிச்சத்தில் யார் தூங்குவது? அவள் ஹால் சோஃபாவுக்குக் குடிபெயர்ந்தாள்.

அவருக்குத் தொழில் பெருமை ஒன்று உண்டு. "என் லிஃப்ட்ல தண்ணி டம்ளர வெச்சு எட்டாவது மாடிக்கு அனுப்புங்க. ஒரு சொட்டு சிந்தாது." கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். குலுக்கல் என்றால் மகாபாவம். ஆகவே நாற்று அறையில் ஜன்னல் திறக்கவில்லை, ஃபேன் ஓடவில்லை. தும்மல் வந்தால் மனைவி வெளியே போய்த் தும்மிவிட்டு வர வேண்டும்.

"கொஞ்சம் காத்து படட்டுமே?"

"எதுக்கு, ஆடி ஒடியறதுக்கா?"

குழியில் இரண்டு முளைத்த இடத்தில் இளைத்ததைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். மனைவி அதில் ஒன்பதைப் பொறுக்கி, காகித டம்ளர்களில் நட்டு, பால்கனியில் துணிக்கொடிக்கு அடியில் வைத்தாள். காற்றடிக்கும்போதெல்லாம் ஈரத் துணியிடம் அவை பளார் பளார் என்று வாங்கிக்கொண்டன. அவர் எட்டிப் பார்த்து, "என்னது, தர்மாஸ்பத்திரியா?" என்றார்.

எட்டாவது வாரம் அவள் பொறுமை தீர்ந்தது. "எனக்கு முதுகு போச்சு. தம்பி தோட்டத்துல கொண்டுபோய் நடுங்க. ஒரு வாரம் நின்னா ரூம் உங்களுக்கு. இல்லன்னா லைட்டக் கழட்டிட்டு என் கட்டிலப் போடுங்க."

"நிக்கும். பாரு."

வீராப்பாகச் சொல்லிவிட்டு, அன்று ராத்திரி நாற்றுகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். அந்த அறை போனால் காலையில் எழுந்து செய்ய அவருக்கு ஒரு வேலை கிடையாது.

நாற்பது நாற்றுகளையும் ஓர் இலைகூட அசையாமல் லிஃப்ட்டில் இறக்கினார். மனைவி தன் ஒன்பதைப் பையில் போட்டுக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினாள். காலை ஒன்பது மணிக்கு மைத்துனன் தோட்டத்தில் நட்டார்கள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காவது தாங்கும் என்பார்கள். இது மதியத்தைத் தாண்டவில்லை. பத்து மணிக்குக் காற்று கிளம்பியது. முதல் வரிசை தலை குனிந்தது. பன்னிரண்டுக்கெல்லாம் நாற்பதும் மண்ணைக் கும்பிட்டுக்கொண்டிருந்தன. அவர் குடை பிடித்துப் பார்த்தார். எதற்கென்று பிடிப்பது, நாற்பதுக்கு ஒரு குடையை? ஓரத்தில் இருந்த ஒன்பது மட்டும் காற்று தள்ளினால் சாய்ந்தன, விட்டால் நிமிர்ந்தன.

மைத்துனன் அவற்றில் ஒன்றின் தண்டைத் தொட்டுப் பார்த்தான். "பென்சில் மாதிரி கெட்டியா இருக்கே! இதுக்கு மட்டும் என்ன லைட் போட்டீங்க, மாமா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுக்க மாட்டாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

"நான் குப்பையில போட்டதுப்பா. உங்க அக்கா எடுத்து வளத்தா."

அன்று சாயங்காலமே சங்கிலி இறங்கியது, கட்டில் வந்தது. அவள் 'அப்பாடா' என்று படுத்தாள். அவர் சுவிட்ச் பக்கத்தில் அசடு வழிய நின்றார்.

"ஃபேன் போடவா? வளர்ற எதுக்கும் கொஞ்சம் ஆட்டம் வேணுமாமே, உன் தம்பி சொன்னான்."

"உங்களோட முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவளுக்குத் தனியா ஆட்டம் வேற வேணுமா? புழுக்கமா இருக்கு, போடுங்க."

போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "கொடிக்கு அடியில பத்து டம்ளர்ல விதை போட்டிருக்கேன். நாளையிலேர்ந்து காலையில துணி காயப்போடறது உங்க வேலை. நல்லா உதறிப் போடுங்க."