உளவாளிகளின் காதலைக் கண்டவர்

திருத்தணியிலிருந்து சென்னை போகும் காலை ரயிலில், நர்ஸ் உடையில் ஒரு அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். தடித்த கண்ணாடி, இறுக முடிந்த கொண்டை. கைபேசியில் பழைய வெளிநாட்டு உளவாளித் தொடர் ஒன்றின் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அதையே பாத்துகினு இருக்கீங்க?" என்றேன்.

"இந்த ரெண்டு ஆம்பளைங்களுக்கும் காதலுங்க. இப்படிப் பாக்குறவங்க நெறைய பேரு இருக்கோம், குரூப்பே வெச்சிருக்கோம்."

"சிநேகிதக்காரங்களா இருக்கலாமே?"

போனை என் பக்கம் திருப்பினார். "குண்டு வெடிக்குது. இவரு எதிரியப் பாக்கல, கூட இருக்குறவருக்கு அடிபட்டுச்சான்னு பாக்குறாரு. அவரு எடத்துல ஒரு பொண்ணு இருந்திருந்தா, காதல்னு நீங்களே சொல்லியிருப்பீங்க."

பல வருடமாக நண்பனோடு ஒரே வீட்டில் இருக்கும் என் தம்பியைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவைக்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்.

அன்று தம்பி வீட்டில் கல்யாணப் பேச்சை நான் எடுக்கவில்லை. மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம். கிளம்பும்போது, "ஆடிக் கிருத்திகைக்கு ரெண்டு பேருமா வாங்க" என்றேன். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவில்லை. ஒரு பார்வையை அவ்வளவு உறுதியாகப் படிக்க அவர் எங்கே கற்றார் என்றும் தெரியவில்லை.