ஆசை என்று ஒரு வார்த்தை

போன ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பெண் பார்க்கும் வைபவம். பெண் என் சிநேகிதியின் மகள் செல்வி. எல்லவில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறாள். மாப்பிள்ளை பண்டாரவளையில் கணக்கு வாத்தியார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வடை வந்தது. தேத்தண்ணி வந்தது. சிவப்புச் சேலையில் செல்வியும் வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார் — பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா?

இதற்குப் பதில் என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓட வேண்டும். அந்த ஓட்டம்தான் சம்மதம். செல்வி ஓடவில்லை.

"புடிச்சிருக்குங்க. போட்டோவுல பார்த்தப்பவே இவரு மேல ஆசையாயிருச்சு."

ஆசை! 'சம்மதம்' என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள்... மாப்பிள்ளைக்கு வடை புரையேறியது. அவர் அம்மா, வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கைப்பையை எடுத்துக்கொண்டார். செல்வியின் முகம் வாடிவிட்டது. பாவம், அவளுக்கு அவரை உண்மையிலேயே பிடித்திருந்தது.

வந்தவர்கள் படி இறங்கியதும் அவளுடைய பெரியப்பா ஆரம்பித்தார்.

"பொம்பளப்புள்ள வாயில வர்ற வார்த்தையா இது?"

பெரியப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். அதில் ரதி வேஷம் இருபது வருஷமாக அவருக்குத்தான். மீசையை வழித்து, சேலை கட்டி, வளையல் போட்டு, மன்மதன் மேல் உள்ள ஆசையை ஊர் கேட்க உருகி உருகிப் பாடுவார். லயத்து வீட்டுச் சனம் மொத்தமும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். 'என்ன வார்த்தை இது' என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

செல்வி கேட்டாள்.

"நீங்க வருஷா வருஷம் மைக்குல பாடுறீங்களே பெரியப்பா... நான் ஒரு தடவதானே சொன்னேன்?"

பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புதன்கிழமை மாப்பிள்ளையின் அம்மா செல்வியின் அம்மாவுக்கு ஃபோன் பண்ணினார். எவ்வளவு சொல்லியும் பையன் கேட்கவில்லையாம். அந்தப் பெண் மேல்தான் ஆசையாம். இந்த ஆசைக்கு யாருக்கும் புரையேறவில்லை, கவனித்தீர்களா?

சித்திரையில் கல்யாணம். எனக்கு ஒரே சந்தோஷம். பெரியப்பா மட்டும் இன்னும் செல்வியோடு பேசவில்லை. ஆனால் கூத்து நெருங்குகிறதே... ரதிக்குக் கட்ட அவளுடைய அந்தச் சிவப்புச் சேலைதான் வேண்டுமென்று ஆள் அனுப்பியிருக்கிறார்.

சேலையை மட்டும் அவள் கொடுத்தால் போதும் — ஆசையை அவர் பார்த்துக்கொள்வார்!