மறிக்கிற கட்டு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் அந்த நாட்களில் இரண்டு கட்சி. அடிக்கிற கட்டு வைத்திருப்பவர்கள் ஒன்று, மறிக்கிற கட்டு வைத்திருப்பவர்கள் மற்றது. ராஜா ராணி உள்ள சீட்டுக்கட்டு அல்ல இது. பூதங்களும் போர்வீரர்களும் அச்சடித்த, சந்தைக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் பைக்கற்றாக விற்ற அட்டைகள். என்னுடையது அடிக்கிற கட்டு. சின்னச் சின்ன வீரர்களை அடுத்தடுத்து இறக்கி, எனக்குப் பதில் சொல்வதிலேயே எதிராளியின் முறைகளைத் தின்றுவிட வேண்டும். ஆட்டம் நீண்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பதுதான் குறை. மறிக்கிற கட்டுக்காரர் வருகிற அடிகளைத் தடுத்து, அட்டைகளைக் கையில் சேர்த்து, எதிராளி களைத்த பிறகு மெல்ல வெல்வார், அதுவரை உயிரோடு இருந்தால். அதற்கான பொறுமை எனக்கு இல்லை. இன்றும் இல்லை.

மாமியும் மச்சாளும் வன்னியிலிருந்து வந்தது மாமியின் கண் சத்திரசிகிச்சைக்காக. அங்கிருந்து வெளியே வரப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கு வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். மாமா இல்லாத வீடு, ஆகவே மச்சாளின் அண்ணா நின்றார். பிணை நிற்பது ஏதோ உத்தியோகம் என்று எண்ணியிருந்தேன். கண் சுகமானதும் திரும்புவதா, கனடாவிலிருக்கும் மாமியின் தங்கை சொன்னபடி இங்கிருந்தே அங்கே போய்விடுவதா என்று பெரியவர்கள் குசினிக்குள் ஓயாமல் கதைத்தார்கள். திரும்பாவிட்டால் அண்ணாவின் கதி என்ன என்ற பேச்சு வந்ததும் எல்லோர் குரலும் இறங்கிவிடும்.

வெளியூரிலிருந்து வந்து தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும். பதிந்த துண்டு கிடைக்கும்வரை மச்சாள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். வேறு வழியில்லாமல் என்னிடம் சீட்டுப் பழகினாள். ஆட விருப்பமில்லாத முறைக்குப் பாஸ் சொல்லலாம் என்றேன்.

“இஞ்ச கேட்ட உடன பாஸ் தாறாங்களோ?” என்று சிரித்தாள்.

என் மிச்ச அட்டைகளில் சேர்த்துக் கொடுத்த மறிக்கிற கட்டு அவளுக்கென்றே செய்தது போல இருந்தது. “இப்ப அடியன்” என்று நான் துள்ளினால், “பொறு, அவன்ர கையில என்ன கிடக்கெண்டு பாப்பம்” என்பாள். ஒரு கிழமைக்குள் ஒழுங்கையில் அவளை வெல்ல ஆளில்லை. எனக்கு வயிறு எரிந்தாலும், என்னுடைய அட்டைகள் வெல்கின்றன என்ற பெருமையும் இருந்தது.

துண்டு கிடைத்ததும் நானா கடைச் சனிக்கிழமைப் போட்டிக்கு அவளைக் கூட்டிப் போனேன். பரிசு உடைக்காத ஒரு பெட்டி அட்டை. பெட்டியைப் பங்கிடுவது எப்படி என்று வழியெல்லாம் நான் முடிவு செய்துகொண்டே நடந்தேன். காலையிலேயே அவள் கட்டுக்குள் என் டிராகனைச் சொருகியும் வைத்திருந்தேன். டிராகன் வர வேண்டுமானால் மேசையில் நிற்கும் சின்ன வீரன் ஒருவனைப் பலி கொடுக்க வேண்டும். பலியானவன் போகும் இடத்துக்குச் சுடலை என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம்.

கடைசி ஆட்டம் பாமன்கடைச் சிங்களப் பெடியன் ஒருவனோடு. அவனுடையதும் அடிக்கிற கட்டுத்தான். அடித்து அடித்து அவன் கை காலியானது. மச்சாளின் மேசையில் கேடயம் பிடித்த காவல்காரன் ஒருவன், கையில் என் டிராகன். காவல்காரனைச் சுடலைக்கு அனுப்பினால் ஒரே அடியில் ஆட்டம் முடியும். நான் பின்னால் நின்று மனதுக்குள் பெட்டியை உடைத்தே விட்டேன்.

“பாஸ்” என்றாள்.

“மகள், பாஸ்தானா?” என்று நானா கேட்டார்.

“ஓம்.”

அடுத்த முறையும் பாஸ். பெடியனுக்கு நல்ல அட்டைகள் வரத் தொடங்கின. காவல்காரனும் விழுந்தான், பிறகு ஆட்டமும் போனது.

காலி நகருக்குப் போகும் காலி வீதி முழுக்க அவளை ஏசிக்கொண்டு வந்தேன். விசரி, பயந்தாங்கொள்ளி, வாயில் வந்ததெல்லாம். ரயில் கடவையடியில் ஒரு தரம்தான் பதில் சொன்னாள். “அவன் எனக்காக நிண்டவன். நான் எப்பிடி அனுப்புறது?” அட்டைக்கு இப்படி ஒரு கதையா என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அன்று பின்னேரமே அவள் குசினிக்குள் போய் மாமியிடம், “நான் கனடாவுக்கு வரேல்ல அம்மா. வீட்ட போவம்” என்றாள். எல்லோரும் கெஞ்சினார்கள். என் அம்மா அழுதே விட்டாள். அடுத்த கிழமை இருவரும் வவுனியா பஸ் ஏறினார்கள். பிறகு வன்னிக்குப் போகும் பாதையும் பூட்டப்பட்டது, சண்டை அந்தப் பக்கம் இறங்கியது. மூவரில் ஒருவரைப் பற்றியும் எங்களுக்குத் தகவல் வரவில்லை.

அந்த வருடம் முழுவதும் வீட்டில் தொலைபேசி அடித்தால் முதலில் ஓடியது நான்தான். நான் ஏசியதால்தான் மச்சாள் கோபித்துக்கொண்டு போனாள் என்று நம்பியிருந்தேன். எடுத்தவுடன் சொல்வதற்கு ஒரு மன்னிப்பும் பாடமாக்கி வைத்திருந்தேன்.