மகராசி யாருடைய கோழி?

வலங்கைமான் பக்கம் மிராசுதார் வைத்தியலிங்கத்தின் பண்ணையில் நான் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். பூவம்மாள் அங்கே மாட்டுவேலை பார்த்தவள். புருஷன் செத்ததிலிருந்து கொட்டகையை ஒட்டிய சார்ப்பில் ஒண்டிக்கொண்டிருந்தாள். அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் கிடைக்கிற வீடும் இல்லை அது.

நில உச்சவரம்பு முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைந்த சமயம். ஐயா அசரவில்லை. முதல் காரியமாக ஆளுங்கட்சிக் கரை போட்ட துண்டு ஒன்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு நிலத்தைப் பிரித்துப் பிரித்து ஊர்ப்பட்ட பெயர்களில் எழுதி வைத்தார். பூதலூர் மாமியார், சமையல்காரன், தொட்டிலில் கிடந்த பேரன், யாரையும் விடவில்லை. பூவம்மாள் பெயரிலும் ஒன்றரை ஏக்கர் நஞ்சை. பத்திரத்தில் ரேகை வைத்த அன்று, அது என்ன ஏது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கட்டைவிரலில் மை தடவியவன் நான்தான். நானும் சொல்லவில்லை.

அந்த வாரம் அவளுக்கு வேறு கவலை. அடைகாத்த கோழியின் கடைசி முட்டையில் பொரிந்த குஞ்சுக்குக் கால்கள் ஆளுக்கொரு பக்கமாக விரிந்து கிடந்தன. எழுந்திருக்கப் பார்த்தால் வயிறு தரையில் தேய்ந்தது. தாய்க்கோழியே அதைக் கொத்தித் தள்ளியது. ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, பருந்துக்குப் போடச் சொன்னார்.

பூவம்மாள் போடவில்லை. பழஞ்சேலைக் கரையைக் கிழித்து, நடுவே ஒரு விரற்கடை இடம் விட்டு, இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டினாள். கந்தல் திணித்த அரைப்படிக்குள் குஞ்சை நிமிர்த்தி வைத்தாள். ஊறவைத்த நொய்யை விரல்நுனியில் எடுத்து ஊட்டினாள். விளக்கெண்ணெயை வெதுவெதுப்பாக்கி மூட்டில் தடவினாள். ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தபோது ஒரு கால் நேராகியிருந்தது. மற்றது கடைசிவரை கோணல்தான். அந்தக் காலை இழுத்து இழுத்து அது அவளிடம் நடந்து வந்தது. மகராசி என்று பெயர் வைத்தாள். நான் சிரித்தேன்.

ஆறேழு மாதம் கழித்து வெள்ளைக் கழிச்சல் வந்து பண்ணைக் கோழிகள் அத்தனையும் செத்தன. சார்ப்புக்குள் கூடையில் வளர்ந்த மகராசி மட்டும் பிழைத்தது. பிழைத்த நேரம் சரியில்லை. அடுத்த புதன்கிழமை உச்சவரம்பு விசாரணைக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவருக்கு நாட்டுக்கோழிக் குழம்பில்லாமல் சோறு இறங்காதாம். மகராசியை அறுக்கச் சொல்லிவிட்டார் ஐயா.

பூவம்மாள் அன்றுதான் வாய் திறந்தாள். தான் பிழைக்கவைத்த உயிர், அதை விட்டுவிடும்படி கெஞ்சினாள். இந்தப் பண்ணையில் நிற்பது நடப்பது எல்லாம் தன்னுடையது என்றார் ஐயா. அதே மூச்சில், அதிகாரி கேட்டால் அந்த ஒன்றரை ஏக்கர் அவளுடையது என்று அவளே சொல்ல வேண்டும் என்றும் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

புதன்கிழமை கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தோம். நிலத்துக்குச் சொந்தக்காரி உட்காரலாம் என்று அதிகாரி சொன்னதும் பூவம்மாள் தரையில் உட்கார்ந்தாள். பின்கட்டில் சமையல்காரன் வெந்நீர் வைத்துவிட்டு மகராசியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதன் கத்தல் கூடம் வரை கேட்டது.

"ஒன்றரை ஏக்கர் உங்க பேர்ல இருக்கு. உங்க நெலந்தானா?" என்று கேட்டார் அதிகாரி.

பூவம்மாள் அவரைப் பார்க்கவில்லை. ஐயாவைப் பார்த்தாள்.

"கோழி என்னுதுன்னு ஐயா சொல்லட்டுங்க. நெலமும் என்னுதுன்னு நான் சொல்றேன்."

அதிகாரிக்குச் சட்டென்று காது மந்தமாகிவிட்டது. உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பேனா மூடியைத் திறந்தபடியேதான் வைத்திருந்தார்.

"கோழி அவளுதுதாங்க" என்றார் ஐயா.

இருபது வருஷ உத்தியோகத்தில், ஒரு பொருளை அடுத்தவருடையது என்று அவர் ஒப்புக்கொண்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். பூவம்மாள், நிலமும் தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். அன்று மத்தியானம் அதிகாரிக்குக் கத்திரிக்காய்க் குழம்பு என்று முடிவாயிற்று.

ஐயாவின் குடுமி கையில் சிக்கியிருந்த நேரத்தில் நிலத்தைக் கேட்காமல் போயும் போயும் ஒரு நொண்டிக் கோழியைக் கேட்டாளே, இவ்வளவு அசடா ஒருத்தி என்று நான் மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அதிகாரி அடுத்த பெயரைப் படித்தார். என் பெயர். இரண்டு ஏக்கர். என்னுடைய நிலம்தானா என்று கேட்டார்.

ஐயா என்னைப் பார்த்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, "ஆமாங்க" என்றேன். பதிலுக்கு ஒரு முட்டைகூடக் கேட்கவில்லை.