ஹொர்ஸ்ட் சாவியை நீட்டியபோது

ஜெர்மனியின் பீலெஃபெல்டில் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலைசெய்யும் றோசம்மா அக்காவுக்கு ஐம்பது வயதுக்குப் பிறகுதான் லைசென்ஸ் கிடைத்தது. மூன்று தடவை பெயிலானதை அவரே எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பார். சனமும் சிரித்தது, வேறு விதமாக.

கணவர் சூசைதாசன் இருந்தவரை அவரை ஸ்டியறிங் பக்கம் விட்டதில்லை. "பொம்பிளை கை வைச்சால் கியர் போயிடும்" என்பார். அவர் செத்ததும் அவருடைய மஞ்சள் ஓப்பல் ரெக்கோர்ட் கார் கராஜுக்குள் படுத்தது. பத்து வருடமாக எழும்பவில்லை. விற்கச் சொன்னவர்களுக்கு அக்காவின் பதில் ஒன்றுதான்: "ஒருக்கா நான் ஸ்டார்ட் பண்ணோணும். பிறகு பாப்பம்."

2006 கோடையில் பக்கத்து வீட்டு ஹொர்ஸ்ட், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, உதவிக்கு வந்தார். கெட்டுப்போன பெற்றோலை இறக்கினார்கள். பிளக்குகளைக் கழற்றித் துளைகளுக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். இறுகிக் கிடந்த என்ஜினை ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றியது அக்காதான். அந்த ஞாயிறு தேவாலயத்துப் பூசைக்கு நகங்களில் கறுப்போடு வந்திருந்தார். ஒளிக்கவில்லை.

ஸ்டார்ட் பண்ணும் நாளுக்கு ஆட்களைக் கூப்பிட்டதுதான் பிழை. சூசைதாசனின் தம்பி அல்பேர்ட்டும் மனைவி பிளோறன்ஸும் தீர்த்தப் போத்தலோடு வந்தார்கள். தீர்த்தம் தெளித்து, காரின் நாலு சில்லுகளுக்கு அடியில் நசுக்கத் தேசிக்காயும் வைத்தார்கள். எதற்கும் ஒரு காப்பு.

ஹொர்ஸ்ட் சாவியை அக்காவிடம் நீட்டினார்.

"அக்கா, கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ" என்றார் பிளோறன்ஸ். "நல்ல காரியம். புருசன் இல்லாதவ முதல் தொட்டால் சரிவராது."

"நாங்கள் வேதக்காரர் எல்லோ, பிளோறன்ஸ்?"

"வேதம் கோயிலுக்கு அக்கா. இது றோட்டிலை ஓடுற சாமான்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியமுன் சாவி அல்பேர்ட்டின் கைக்குப் போய்விட்டது.

"கோவிக்காதேங்கோ அண்ணி, நான் ஸ்டார்ட் எடுத்துத் தாறன்."

என்ஜின் இருமியது, நின்றது. மறுபடி இருமி, நீலப்புகை கக்கி, உடம்பெல்லாம் நடுங்கப் பிடித்துக்கொண்டது. கைதட்டல். அல்பேர்ட் அக்சிலேற்றரை மிதித்து மிதித்து "அண்ணை, அண்ணை" என்று அழுதார். அக்கா பின்சுவரோடு ஒட்டி நின்றார். புகை முழுக்க அவருக்குத்தான்.

"முதல் முடிஞ்சுது. இனி நீங்கள் எடுக்கலாம் அக்கா" என்றார் பிளோறன்ஸ். மனதாரத்தான் சொன்னார், அதுதான் கொடுமை.

அக்கா சாவியை வாங்கிக் காரைப் பூட்டிவிட்டு, பொரித்து வைத்திருந்த றோல்ஸைத் தட்டில் கொண்டுவந்து ஒவ்வொருவராகக் கொடுத்தார்.

"நீங்கள் எடுக்கவில்லையா?" என்று ஹொர்ஸ்ட் காரைக் காட்டி ஜெர்மனில் கேட்டார்.

"எடுத்தாச்சாம்" என்றார் அக்கா, தமிழில்.

அடுத்த மாதம் கார் விலைப்பட்டது. வாங்க வந்தவர் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னார். அக்கா வேலியோரம் போய், ஹொர்ஸ்டைக் கூப்பிட்டுச் சாவியை நீட்டினார்.