ஆர்லீன் உலாத்தக் கூட்டிப்போகும் மீட்டர்

எங்கள் ஆப்பிள் கிடங்கில் ஆர்லீன் டிபெட்ஸைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. கையடக்க ஆக்சிஜன் மீட்டர்கள் ஆறும் அவள் பொறுப்பு. திங்கள்கிழமைதோறும் சோதனை வாயுவைக் காட்டிப் பார்ப்பாள், தூசி வடிகட்டியை மாற்றுவாள், சென்சார் போட்ட தேதியை எழுதி முதுகில் ஒட்டுவாள். அதோடு விடுவாளா? எந்த அறையைத் திறந்தாலும், ஆள் நுழையும்முன் மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லாரி முற்றம் வரை போய்வருவாள். "நாயை உலாத்தக் கூட்டிட்டுப் போறா டோய்!" என்று கத்துவோம். நானும்தான் கத்துவேன், ஏன் மறைக்கணும்?

அன்று பதினாலாம் அறையைத் திறக்கிற நாள். ஆப்பிள் கெடாமலிருக்க ஆக்சிஜனைக் குறைத்து, அக்டோபரில் சீல் வைத்தது. மார்ச்சில் அதைத் திறக்கிறதென்றால் எங்கள் வெனாச்சி ஊரில் திருவிழாதான். முதல் ஆப்பிளைக் கடிக்கிறவர் அந்த வருஷத்து ராஜா. ஒன்பது வருஷமாய் ராஜா, பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் வேட் லன்ஸ்ஃபர்ட்.

காலையிலிருந்து கதவைத் திறந்துவைத்துக் காற்றாடியை ஓடவிட்டிருந்தோம். வாசலில் மீட்டர் 20.9 காட்டியது. சுத்தமான காற்றுக்கு அதுதான் எண்.

"அவ்ளோதான், வாங்க போகலாம்!" என்றான் வேட்.

"இருடா, வெளியே போய்ட்டு வந்துடறேன்."

"போ, நாய்க்கு அவசரமா இருக்கும்!"

சிரித்து முடிக்கவில்லை, முற்றத்தில் மீட்டர் அலறியது. பனி கொட்டிக் கிடக்கிற திறந்த வெளியில் 25 காட்டுகிறது! ஆர்லீன் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"வெளிக்காத்துல 20.9-க்கு மேல போகவே போகாது. அப்போ உள்ளே காட்டினது பொய்! யாரு இதைத் தொட்டது?"

நான்தான் பார்த்தேனே! காலையில் வாசலில் மீட்டர் பீப் பீப் என்றதும், "சும்மா கத்துது சனியன்" என்று வேட் சுத்தக்காற்றுப் பொத்தானை அழுத்தினான்; அதை அழுத்தினால் மீட்டர் அங்கே இருக்கிற காற்றையே 20.9 என்று வைத்துக்கொள்ளும். அறையிலிருந்து வழிந்த, ஆக்சிஜன் குறைந்த காற்றையே அது நல்ல காற்றென்று எடுத்துக்கொண்டது. அதை ஆர்லீனிடம் சொன்னேன்.

"வேட் எங்கே?"

உள்ளே போய்விட்டான். பெட்டிகளுக்கு நடுவே நின்று ஈயென்று இளித்துக்கொண்டிருந்தான், ஆக்சிஜன் போதாமல் குடிகாரன் மாதிரி கால் தள்ளாடியது.

"வெளியே வாடா!"

"ராஜா வரமாட்டார்!"

நான் பாய்ந்தேன். ஆர்லீன் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீயும் விழுவே, கழுதை!" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து நறுக்கென்று கடித்தாள். வாய் நிறைய வைத்துக்கொண்டே கத்தினாள்:

"முதல் கடி எனக்கு! ராஜா போயாச்சு, இனிமே ராணி!"

"அடிப்பாவி! அது என்னுது!"

கோபம் பார்க்கணுமே! தடுக்கி, பெட்டியில் இடித்துக்கொண்டு, அவளை உதைக்கவே ஓடிவந்தான். வாசலைத் தாண்டியதும் அப்படியே அள்ளி முற்றத்துப் பனியில் கொண்டுபோய்ப் போட்டோம். உதடு நீலம் பாரித்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் உதடு சிவந்தது. முதல் கேள்வியே, "எந்தப் பெட்டி ஆப்பிள் அது?"

"என் மத்தியானச் சாப்பாடுடா, முட்டாளே!"

சொல்லிவிட்டு ஆர்லீன் அவன் தோளில் இரண்டு போட்டாள். அப்புறம் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மத்தியானம் மீட்டரைச் சரியாக்கி, அறையை மறுபடி காற்றாட விட்டாள். யாரும் சொல்லாமலே வேட் மீட்டரை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தான்.

"ஆர்லீன்! 20.9!" என்று அங்கிருந்து கத்தினான். "நாய் பொய் சொல்லலை!"

முதல் ஆப்பிளை அவனே எடுத்துவந்து அவள் கையில் வைத்தான்.