தம்பி கையில் இருக்கும் நம்பர்

போன வருடம் ஆடித்தபசுக் கூட்டம் வடிந்து, சங்கரன்கோவில் கொஞ்சம் மூச்சு விட்ட வாரத்தில் நடந்தது இது. வீட்டில் நெட் கனெக்‌ஷன் மாற்றினோம். அவ்வளவுதான் சங்கதி. இதற்குப் போய் ஒருத்திக்குக் குலை நடுங்குமா என்று கேட்பீர்கள். எனக்கு நடுங்கியது.

என் மகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். பழைய டெலிபோன் ஒயரில் வரும் நெட் அவளுக்குப் போதவில்லை. மீட்டிங்கில் இவள் பேசுவது பாதிதான் போய்ச் சேருமாம். தெருவே ஃபைபருக்கு மாறிவிட்டது, நாமும் மாறுவோம் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு மாறுவதில் ஒன்றுமில்லை. ஆனால் லேண்ட்லைன் நம்பர் போய்விடக் கூடாது. அதில் மட்டும் நான் பிடித்த பிடியை விடவில்லை.

காரணம் என் தம்பி. நாற்பது தாண்டியவன், மனசு மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி. ‘அக்கா’ என்பதைத் தவிர பேச்சு தெளிவாக வராது. பஸ் என்றால் உயிர். சிறு வயதில் தபசுக் கூட்டத்தில் தொலைந்து, மறுநாள்தான் கிடைத்தான். கழுத்தில் தகடு கட்டினாலும் சட்டையில் பெயரைத் தைத்தாலும் பிய்த்து எறிந்துவிடுவான். அதனால் அடுத்த திருவிழாவில் அம்மா, பச்சை குத்த வந்தவளிடம் சொல்லி, அவன் முன்கையில் எங்கள் வீட்டு போன் நம்பரை ஊர்க் கோடோடு சேர்த்துக் குத்த வைத்துவிட்டாள். அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அவன் கத்திய கத்தல் இன்னும் காதுக்குள் இருக்கிறது. அம்மா போன பிறகு, இப்போது நாங்கள் இருக்கும் அந்த வீடும், தம்பியும், அந்த நம்பரும் என் பொறுப்பு.

ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு அந்த போனில் யாரும் எங்களைக் கூப்பிடுவதில்லை. அது அடித்தால் தம்பி எங்கேயோ வழி தவறி நிற்கிறான் என்று அர்த்தம். அடிக்காமல் கிடந்தால் அவன் பத்திரம். அது சும்மா கிடப்பதைப் பார்ப்பதே எனக்கு ஒரு நிம்மதி.

என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் வீண் செலவு. வீட்டோடு இரண்டு விசைத்தறி போட்டிருக்கிறார். தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, “அடிக்காத போனுக்கு எதுக்குட்டி தனியா ஒரு பில்லு? புது கனெக்‌ஷன்ல புது நம்பரு தாரான்லா. உன் தம்பி கையில அதக் குத்திருவோம்” என்றார்.

“குத்துத அன்னைக்கு நீங்க புடிச்சுக்கிடுதியளா?” என்று கேட்டேன். அவர் தறிப்பக்கம் போய்விட்டார்.

புது கம்பெனிக்காரர்களைக் கேட்டேன். பழைய நம்பரைத் தங்கள் லைனுக்குக் கொண்டுவர முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் நெட்டுக்கு அழுவதற்கு எங்களுக்கும் வசதி கிடையாது. பயத்தோடுதான் டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர், நெட்டை மட்டும் நிறுத்திவிட்டு, பேசுவதற்கு மட்டும் லைனை வைத்துக்கொள்ளலாம், வாடகை ரொம்பக் குறைவு, நம்பர் அப்படியே இருக்கும் என்றார். மொத்தமாக சரண்டர் பண்ணிவிட்டால்தான் நம்பர் போய்விடுமாம். அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு, பெரிய காரியத்தைச் சாதித்த மிதப்பில் வீட்டுக்கு வந்தேன். எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஃபைபர் இழுக்க வந்தவர்களிடம் பழைய ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மாடியில் துளை போட்டார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். மகள் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து, நூல் இறக்க வந்த வண்டிக்காரர் கேட்டைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் தம்பியைக் காணோம். எப்போதும் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்பான். டீக்கடைக்காரர் பிடித்து உட்கார வைத்திருப்பார். அன்றைக்கு அங்கேயும் இல்லை. வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இந்த மாதிரி நேரத்துக்கு அம்மா போட்ட சட்டம் ஒன்று உண்டு. எத்தனை பேர் தேடப் போனாலும் ஒரு ஆள் போன் பக்கத்தில் இருக்க வேண்டும். ரிசீவரைத் தொடக் கூடாது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தறிகள் நின்றுபோய் வீடு அமைதியாக இருந்தது. திருவேங்கடம் ரோட்டில் இல்லை என்று வீட்டுக்காரர் மகள் செல்லுக்குச் சொன்னார். பிறகு, கரிவலம் வரைக்கும் பார்த்தாயிற்று என்றார். ரோட்டில் போகிற லாரியெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. கரிசல்காட்டில் சுவரில்லாத கிணறுகள் ஞாபகத்துக்கு வந்தன. ஆனாலும் போன் அடிக்கவில்லையே, யாரும் அவனைக் கண்டெடுக்கிற அளவுக்கு அவன் தூரம் போயிருக்க மாட்டான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது.

மகள்தான், “எம்மா, லைன் இருக்கான்னு ஒருக்கா எடுத்துப் பாப்போமா?” என்றாள்.

“தொடாத. அந்த நேரம் பாத்து யாராச்சும் கூப்பிட்டா எங்கேஜ் ஆயிரும்.”

வெயில் இறங்கிவிட்டது. போலீஸில் கொடுக்க போட்டோ வேண்டும் என்று வீட்டுக்காரர் திரும்பி வந்து பீரோவைக் குடைந்துகொண்டிருந்தார். மகளுக்குப் பொறுக்கவில்லை. நான் சத்தம் போடுவதற்குள் தன் செல்லில் எங்கள் வீட்டு நம்பரைப் போட்டுக் காதில் வைத்தாள்.

“ரிங் போவுதும்மா” என்றாள்.

மேசையில் போன் கல் மாதிரி கிடந்தது.

அவள் ஸ்பீக்கரில் போட்டாள். செல்லுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கை தூரத்தில் இருந்த போனில் சத்தமே இல்லை. அப்படியானால் மத்தியானத்திலிருந்து யாராவது கூப்பிட்டிருக்கலாம். இந்த வீட்டில் ஆளே இல்லை என்று நினைத்து விட்டிருக்கலாம். நான் காவல் காத்தது செத்துப்போன போனை.

வீட்டுக்காரர் மாடிக்கு ஓடினார். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் பழைய ஒயரை ஃபைபர் ஆட்கள் வெட்டி, இரண்டு முனையையும் அழகாகச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். இனி இது எதற்கு என்று நினைத்துச் சுத்தமாகத்தான் வேலை பார்த்திருக்கிறார்கள். இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற மனுஷன், அன்றைக்கு ஒயரைப் பல்லால் கடித்து உரித்து முறுக்குவதற்குள் இரண்டு தடவை நழுவ விட்டார்.

“இப்பம் எடுத்துப் பாரு” என்று மேலேயிருந்து கத்தினார்.

எடுத்தேன். ‘ங்’ என்று அந்தப் பழைய இரைச்சல் கேட்டது. உடனே வைத்துவிட்டு அழுதேன். கூப்பிடுகிறவர்கள் கூப்பிட்டு ஓய்ந்திருப்பார்களே என்று அழுதேன். அவர் மாடிப்படி இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

போன் அடித்தது.

“எக்கா, புளியங்குடியில இருந்து பேசுதேன்” என்றது ஒரு பெண் குரல். “கையில நம்பரு குத்துன ஆளு ஒருத்தரு எங்கிட்ட இருக்காரு. பதறாதிய, சாப்புட்டு நல்லாத்தான் இருக்காரு.”

பின்னால் ‘அக்கா’ என்று அவன் குரல்.

எலுமிச்சை மார்க்கெட்டில் பழம் தரம் பிரிக்கிற பெண் அவள். பஸ்ஸை விட்டு இறங்கி, பழக் குவியலைப் பார்த்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டானாம். ரொம்ப நேரமாகக் கூப்பிட்டாயா தாயி என்று கேட்டேன்.

“மத்தியானம் புடிச்சுப் போடுதேன். ரிங் போவுது, எடுக்க ஆளில்ல. எல்லாரும், ஸ்டேஷன்ல விட்டுட்டு உன் சோலியப் பாருன்னாவ. அங்கன கொண்டு விட்டா பயந்துருவாருன்னு எனக்கு மனசு வரல. ரிங் போற வீட்டுல ஆளு வராமலா இருக்கும்?”

வீட்டுக்காரர் போய் அழைத்து வந்தார். தம்பியின் இரண்டு பையிலும் எலுமிச்சம்பழம். வீடே அந்த வாசத்தில் இருந்தது.

மறுநாள் லைன்மேன் வந்து புது ஒயர் இழுத்துக் கொடுத்தார். அதில் ஒரு சிவப்புத் துணியை நான் கட்டி வைத்திருக்கிறேன், இனி எவரும் வெட்டக் கூடாது என்று. அந்தச் சின்ன வாடகையை இப்போதெல்லாம் வீட்டுக்காரரே கேட்காமல் கட்டிவிடுகிறார்.

அடிக்காத போனை நம்பி இனி என்னால் உட்கார முடியாது. தினமும் காலையில் பூ வாங்கப் போகிற இடத்திலிருந்து வீட்டு நம்பருக்கு ஒருமுறை கூப்பிடுகிறேன். தம்பி ஓடிவந்து எடுத்து, ‘அக்கா’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். அவன் எடுக்கும்வரை என் காதில் மணி அடிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், யாரென்றே தெரியாத ஒரு வீட்டுக்கு மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்.